இறங்காத சோறு

மாங்காட்டில் அக்கா மகள் கல்யாணப் பந்தியில் வேம்புலியம்மாளுக்கு இரண்டாவது கவளமே தொண்டையில் நின்றுவிட்டது. கண் பிதுங்கி, மூக்கால் தண்ணீர் வந்து, எல்லோர் முன்னாலும் இலையிலேயே கக்கினாள். பக்கத்திலிருந்தவள் தன் இலையை மூடிவிட்டு எழுந்துபோனாள்.

மூன்று வருஷமாக மறைத்து வந்தது அன்றைக்கு வெளிப்பட்டுவிட்டது. களையெடுக்கும் பெண்கள் கூடி உட்கார்ந்து கூழ் குடிக்கையில் இவள் மட்டும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்புத் தாண்டிப் போய்விடுவாள். ஒரு வாய் கூழுக்கு மூன்று மடக்குத் தண்ணீர் வேண்டும். சோற்றின் மேலிருந்த ஆசை மண்ணின் மேல் திரும்பியிருந்தது. அடுப்பங்கரைச் சுவரைச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வாள். அது மட்டும் எப்படியோ கரைந்து இறங்கியது.

பாரிவாக்கம் திரும்பியதும் பக்கத்து வீட்டு ஓரகத்தி நாகம்மாள், வேம்புலியின் புருஷன் பரந்தாமனிடம் சொன்னாள்: "ஒட்டிக்கிற சீக்கு மாமா இது. நீ இனிமே நம்மூட்லயே துன்னு."

பரந்தாமன் அன்று முதல் அங்கேதான் சாப்பிட்டான், அங்கேயே படுத்தான்.

கஞ்சித் தண்ணீரும் இறங்காத ஒரு காலையில், யாரிடமும் சொல்லாமல் ஆவடிவரை நடந்து ரயிலேறினாள்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு விரல்களை. நகங்கள் நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கும் போலிருந்தன.

"மண்ணு திங்கறியாம்மா?"

அதுவரை யாரும் கேட்டதில்லை. வேம்புலியம்மாள் அழுதுவிட்டாள்.

"ரத்தத்துல இரும்புச் சத்து இல்ல. அதான் தொண்டைக்குள்ள சவ்வு கட்டியிருக்கு."

"புத்துநோயாம்மா?"

"இன்னும் இல்ல. விட்டா நாளைக்கு அதுல புத்து வைக்கலாம். பயப்படாத, இது யாருக்கும் ஒட்டாது."

"இன்னொருவாட்டி சொல்லும்மா."

"யாருக்கும் ஒட்டாது."

வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் தொண்டைக்குள் ஒரு குழாயை விட்டுச் சவ்வை விலக்கினார். எட்டு நாள் படுக்கை. சாயங்காலமானால் மற்றக் கட்டில்களைச் சுற்றி உறவுக்கூட்டம் நிற்கும். இவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். போகும்போது இரும்பு மருந்து கொடுத்து, ஈரலும் முருங்கைக்கீரையும் தின்னச் சொன்னார்கள். மாதம் ஒருதரம் வந்து காட்டவும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு உலை வைத்தாள். குழைய வடித்த சோற்றில் கீரையைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். பயந்து பயந்து விழுங்கினாள்.

"எறங்கிடுச்சி," என்றாள், வாய்விட்டு. யாருமில்லை.

புகையைக் கண்டு பரந்தாமன் ஓடி வந்து வாசற்படியில் நின்றான். எட்டு நாள் தாடி. வேட்டி முழங்கால்வரை காய்ந்த சேறு.

"எங்கமே போயிட்ட? ஏரி, கெணறு ஒன்னு வுடாம தேடிக்கினு கீறேன்."

"ஆஸ்பத்திரிக்கு. ஒட்டாதாம்."

அவன் தலை குனிந்தது. குனிந்தபடியே கேட்டான்: "எறங்குதா?"

அவள் இன்னொரு வாய் எடுத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து நாகம்மாளின் குரல் வந்தது: "மாமா, சோறு ஆறுது!"

அவன் போகவுமில்லை, உள்ளே வரவுமில்லை. நிலைப்படியைப் பிடித்தபடி அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மெதுவாக மென்றுகொண்டிருந்தாள்.