புல் முளைக்காத தடம்

கனகசுந்தரம் கால் வைத்த இடத்தில் புல் முளைப்பதில்லை. சம்பூரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. கேட்டால் ஓம் என்றுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

போரில் இடம்பெயர்ந்து இருந்த முகாமிலிருந்து முதலில் ஊர் திரும்பியவர்களில் அவரும் ஒருவர். பக்கத்து வளவுக்காரி சோபனா, புருசனைப் பறிகொடுத்தவள், இன்னும் முகாமில் இருந்தாள். பழைய வேலியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. கனகசுந்தரம் கிளுவைக் கதியால்களை அவள் வளவுக்குள் இரண்டடி தள்ளி நட்டு வேலி அடைத்தார். கதியால் கட்டோடு வந்த மண்ணில் பார்த்தீனியமும் வந்து, வேலியோரம் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தது. அடுத்த வருடம் சோபனா வந்து பயிற்றை போட்டாள், கத்தரி போட்டாள். ஒன்றும் தலை தூக்கவில்லை. மூதூரிலிருந்து வந்த விவசாயப் போதனாசிரியர் மஹ்ரூப் பார்த்தீனியச் செடியொன்றைப் பிடுங்கிக் காட்டினார். வேராலும் உதிர்ந்த இலையாலும் இது மண்ணுக்குள் நஞ்சைக் கசியவிடும், "பக்கத்தில ஒண்டையும் முளைக்க விடாது" என்றார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற கனகசுந்தரத்துக்குத் தன்னைத்தான் சொன்ன மாதிரி இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது. விடிந்து பார்த்தால், முற்றத்தில் அவர் நடந்த அடி அடியாய் அறுகு கருகிக் கிடந்தது.

செருப்புப் போட்டும் பார்த்தார், சரிவரவில்லை. விதைப்பு நாட்களில் வரம்பில் ஏற வேண்டாம் என்று வயற்காரர்கள் மரியாதையாகவே சொன்னார்கள். வெட்கம் பிடுங்கித் தின்ன, தார் றோட்டால் மட்டும் போய்வரப் பழகினார். அப்படியே ஏழு வருடம் போனது.

மகள் கீர்த்தனிக்குக் கல்யாணம் வந்தது. தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கு அன்று சுமங்கலிகள் முளைப்பாலிகைச் சட்டிகளில் நவதானியம் தூவினார்கள். மூன்றாம் நாளும் ஒரு முளை இல்லை. கீர்த்தனி சட்டியையும் தகப்பனின் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அன்றே பட்டப்பகலில், தெரு பார்த்திருக்க, கனகசுந்தரம் கதியால்களைக் கிளப்பி இரண்டடி பின்னால் நட்டார். பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கி எரித்தார். பிறகு வேலியில் விட்ட இடைவெளியால் சோபனாவின் வாசலில் போய் நின்று, நிலத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். சோபனா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தெரியும் அண்ணை. வந்த அண்டைக்கே கிணத்தடியில இருந்து அளந்தனான். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு இருந்தனான்."

மறுநாள் பாலிகை பச்சென்று முளைத்தது. கல்யாணமும் குறைவில்லாமல் நடந்தது. கால் மட்டும் மாறவில்லை. அவர் வாசலிலிருந்து சோபனாவின் வாசல் வரை, அன்று அவர் நடந்த தடம் இன்றும் வெறும் மண்தான். பஸ் நிற்கும் இடத்துக்கு அதுதான் இப்போது குறுக்குவழி. ஊரே அதில் நடக்கிறது. அவர் மட்டும் றோட்டால் சுற்றிப் போகிறார்.