முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு

அந்த இங்கிலீஷ் பாட்டு வெளிவந்து ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. அதைப் பாடியவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை என்கிறார்கள். இருந்தாலும் இரத்தோட்டையில் கார்னிவல் போட்டாலும் சரி, உக்குவளையில் கல்யாணம் நடந்தாலும் சரி, கூட்டத்திலிருந்து யாராவது அதைக் கேட்டே தீருவார்கள். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வரும் அழகமுத்துவுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. "தம்பி, அந்த அழுவுற பாட்ட போடுங்க" என்று மேடைக்கு முன்னால் வந்து நிற்பார். பெண்சாதி விட்டுப்போன ஒருத்தன் மழையில் ரோட்டோரமாக நடக்கிறான், பாட்டில் அவ்வளவுதான் விஷயம். முதலில் கிட்டார் மட்டும், அவசரமில்லாமல். பிறகு ட்ரம்ஸ் விழும்போது நெஞ்சிலேயே விழும். அமெரிக்காவில் பருத்தித் தோட்டங்களில் முதுகொடிய வேலை செய்த கறுப்பு மக்கள் பாடிய பாட்டிலிருந்து வளர்ந்த இசை அது என்று பிற்பாடு எங்கோ படித்தேன். படித்ததும் அழகமுத்துவின் முகம்தான் ஞாபகம் வந்தது. அவரும் முப்பது வருஷம் தோட்டத்தில் உரமூட்டை சுமந்தவர்.

நான் சுதர்ஷன். பலாபத்வலையில் மெயின் ரோட்டில் மோட்டர் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன்; எங்கள் இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவன். பாடுகிறவன் ஸுஹைல். உக்குவளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறான். பத்தொன்பது வயதில் சேர்ந்தோம், இப்போது இருவருக்கும் ஐம்பத்திரண்டு. நோன்பு மாசத்தில் எங்கள் குழு புக்கிங் எடுக்காது. ஸுஹைல் இல்லாமல் நாங்கள் ஏறிய மேடை ஒன்றுகூடக் கிடையாது.

அந்தக் காலத்தில் மாத்தளை டவுனில் ரெக்கோர்டிங் பார் என்று ஒரு கடை இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கெசட்டில் பதிந்து தருவார்கள். எங்களுக்குப் பேராசை, ஆறு பாட்டு கொள்ளும் பக்கத்துக்கு ஏழு எழுதுவோம். டேப் எங்கே முடிகிறதோ அங்கே கடைசிப் பாட்டும் முடிந்துவிடும். இந்தப் பாட்டு முதல் பக்கத்தில் கடைசியாக இருந்தது. கிட்டார் தனியாக அழுதுகொண்டே உச்சிக்குப் போன இடத்தில் டக்கென்று நின்றது. அதுதான் முடிவு என்று நாங்கள் நினைத்தோம். அடடா, எப்படி நிறுத்தியிருக்கிறான் என்று மெச்சிக்கொண்டோம். அப்படியே பழகி அப்படியே வாசித்தோம். எங்கள் குழு போன ஊரெல்லாம் அந்தப் பாட்டு அந்த இடத்தில்தான் முடியும். கைதட்டு எனக்கு விழும்.

அது முடிவில்லை என்பது 2003இல் கண்டியில் ஒரு சீடி கடை வாசலில் நின்றபோது தெரிந்தது. உள்ளே அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கிட்டார் ஓய்ந்ததும் பாடகன் திரும்பி வந்தான். நடந்து களைத்தவன் ஒரு பூட்டிய வீட்டுக்கு முன்னால் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். குரல் மேலே மேலே ஏறுகிறது, மூச்சு தீரும்வரைக்கும். அதுவரை நான் வாசித்துவந்ததெல்லாம் அந்தக் குரலுக்குக் கதவு திறந்துவிடுகிற வேலை. ஸுஹைலுக்கென்றே செய்து வைத்ததுபோல் இருந்தது அந்த இடம். எனக்குப் பொறாமை வந்தது. அதைச் சுற்றிவளைத்துச் சொல்லி இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. சீடியை வாங்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஸுஹைல் ஒரு பாட்டைப் பழகிய பிறகு அதன் ஒரிஜினலைக் கேட்கவே மாட்டான். கேட்டால் காப்பியடிக்கத் தோன்றும் என்பான். யூடியூப் வந்த பிறகும் அந்தப் பிடிவாதம் மாறவில்லை. இளசுகள் சிலர் மேடைக்குப் பின்னால் வந்து, "அங்கிள், பாட்டு இன்னும் இருக்கே" என்பார்கள். "நாங்க வேணும்னுதான் குறுக்கியிருக்கோம், போங்கடா" என்று அவன் காதில் விழுமுன்னே விரட்டிவிடுவேன்.

போன மாசம் அவனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று சொன்னார்கள். குரல்வளையை முழுவதுமாக எடுத்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை கண்டியில் ஆப்பரேஷன். அதற்கு முந்திய ஞாயிறு மத்தியானம், மகள் நிஹ்லாவோடு என் கடைக்கு வந்தான்.

"மச்சான், ஒரு பாட்டுதான். நீ வாசி, நான் பாடுறன். நிஹ்லா ஃபோன்ல எடுத்துக்குவா. ஊட்ல உள்ளவங்களுக்கு என்ட குரல் வேணுமாம்."

எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கிட்டாரை மடியில் வைத்தேன். சுதி சேர்த்தேன். சேர்த்ததையே மறுபடியும் சேர்த்தேன். இந்தப் பதிவுதான் அவன் வீட்டில் மிஞ்சப்போகிறது. அதையும் அரைகுறையாகக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"ஸுஹைல், பாட்டு அங்க முடியலடா."

"எங்க?"

"நம்ம நிறுத்துற எடத்துல. அதுக்கப்புறம் நீ பாடணும். ரெண்டு நிமிஷத்துக்கு மேல இருக்கு."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். என் ஃபோனில் பாட்டைப் போட்டு நீட்டினேன். கிட்டார் முடிந்து குரல் திரும்பி வந்தபோது சிரிப்பு போய்விட்டது. ஒரு முறை கேட்டான். பின்னுக்குத் தள்ளி இன்னொரு முறை கேட்டான்.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டாயிரத்து மூணுல."

"ஏன் செல்லல்ல?"

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. "எல்லாரும் கிட்டாருக்குக் கை தட்டினாங்க. அது போயிடும்னு பயந்தேன்."

நிஹ்லா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறந்த நாளிலிருந்து என்னை மாமா என்று கூப்பிடுகிற பிள்ளை. ஸுஹைல் திட்டவில்லை. கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"வாசி" என்றான்.

வாசித்தேன். கரகரத்த குரல் அந்தப் பாட்டுக்குப் பொருந்தித்தான் இருந்தது. மழையில் நடப்பவனுக்கு வேறு எப்படிக் குரல் இருக்கும்? என் தனி வாசிப்பு உச்சிக்குப் போனதும் விரல்கள் பழக்கத்தில் நின்றுவிட்டன. திரும்பத் தொடங்கப் போனேன். அவன் கையைக் காட்டித் தடுத்தான்.

"நீ வேணாம்."

என் ஃபோனில் வரிகளைப் பார்த்துக்கொண்டு தனியாகப் பாடினான். முதல் வரி சுதியில் நின்றது. இரண்டாவதும் நின்றது. பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் குரல் ஏறியது, இன்னும் கொஞ்சம் ஏறியது, பிறகு கிழிந்தது. வெறும் காற்றுதான் வந்தது. கழுத்து நரம்பு புடைக்க, அந்தக் காற்றைக் கொண்டே கடைசி வரை பாடி முடித்தான். நான் கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "அப்ப பாடியிருந்தா எனக்கு இது வந்திருக்கும்."

"வந்திருக்கும்" என்றேன். எங்கள் இருவரையும் விட அது யாருக்குத் தெரியும்?

நிஹ்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "வாப்பா, கிட்டார் முடியிற எடத்தோட வெட்டிடவா? அதுவரைக்கும் நல்லா வந்தீக்கி."

"வெட்டாத மகள். இவன் வெட்டினது போதும்."

எழுந்தான். ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போய் த்ரீவீலில் ஏறினான். கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி என்னைக் கெட்ட வார்த்தையில் வாழ்த்திவிட்டுப் போவது அவன் வழக்கம். அன்று வண்டி மாத்தளைப் பக்கம் திரும்பி மறையும்வரை நின்று பார்த்தேன்.

திங்கட்கிழமை ஒரு மோட்டரையும் தொடவில்லை. ஃபோனை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானாக அவனை அழைக்கத் துணிவில்லை. திட்டுவதற்காவது அழைப்பான் என்று பொழுது சாயும்வரை காத்திருந்தேன். அவனுக்குக் குரல் இருந்த கடைசி நாள் அது. அதில் ஒரு சொல்லைக்கூட அவன் எனக்குத் தரவில்லை.