நாற்பத்தொரு வாளி

எங்கள் வீட்டுத் தண்ணீரை யாரோ திருடுகிறார்கள் என்று செப்டெம்பர் முதல் கிழமையில் முடிவு செய்தேன். கலேவெலயில் அந்த மாதத்துத் தண்ணீரின் அருமை கலேவெலக்காரருக்குத்தான் தெரியும். குழாய்க் கிணற்று மோட்டர் ஒன்றரை மணி நேரம் இருமி இருமித்தான் டேங்கை நிரப்பும். காலையில் நிரப்பினால் எங்கள் மூன்று பேருக்கு மறுநாள் மதியம் வரை காணும். அந்தத் தண்ணீர் இப்போது அன்று பின்னேரம் நாலு மணிக்கே தீர்ந்துபோனது.

மூன்று பேர் என்றால் நான், என் கணவர் றஹீம், மகள் றிப்னா. றஹீம் விடிய முதல் மரக்கறி லொறியோடு தம்புள்ளைக்குப் போனால் பின்னேரம் அஸர் தொழுகைக்குத்தான் வீடு வருவார். றிப்னாவுக்குப் பதினைந்து வயது, பத்தாம் தரம். தொழப் போகுமுன் கை, முகம், கால் கழுவி வுளூ செய்வதை மற்றப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடிவிடும். இவள் விரல் இடுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துக் கழுவுவாள். அரை மணி நேரம் ஆகும். "ஒங்கட புள்ளைக்கு இந்த வயசிலயே என்ன இறைபக்தி" என்று ஊர்ப் பெண்கள் சொல்லும்போது எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். அவள் கை வெடித்திருந்ததை நானும் பார்த்தேன்தான். சவர்க்காரத்தை மாற்றினேன், தேங்காய் எண்ணெய் பூசிவிட்டேன். மெலிந்திருந்ததையும் பார்த்தேன். அடுத்த வருடம் ஓ.எல். சோதனை, படிக்கிற பிள்ளை மெலியத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். என் கண் முழுக்கக் கள்ளனைத் தேடிக்கொண்டிருந்தது.

கள்ளன் இல்லை, கள்ளி. பக்கத்து வீட்டு பஸ்லா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். நானும் முன்பு பஸ்லா தாத்தா என்றுதான் கூப்பிட்டேன். மதில் கட்டும்போது அரை அடி எங்கள் பக்கம் தள்ளிவிட்டாள் என்று சண்டை வந்த நாளிலிருந்து தாத்தாவை வெட்டிவிட்டேன். எங்கள் தோட்டத்துக் குழாய் அந்த மதிலை ஒட்டித்தான் போகிறது. அவளிடம் கட்டுக் கிணறு ஒன்று இருக்கிறது. இந்த வெயிலுக்கு அது வற்றியிருக்க வேண்டும். அப்படியானால் அவள் முற்றத்துச் செவ்வந்தி மட்டும் எப்படி வாடாமல் நிற்கிறது? எனக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

ஒரு நாள் மதிலுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு ஏறி நின்று கேட்டேவிட்டேன்.

"எங்கட தண்ணி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். குழாய்ல கை வைக்கிறது ஆருன்னும் தெரியும்."

பஸ்லா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன்.

"ஸஜீதா, நீ மொதல்ல ஒன் வீட்டுக்குள்ள தேடிப் பாரு" என்றாள். அவ்வளவுதான். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் வீட்டுக்குள் கள்ளர் இருக்கிறார்கள் என்கிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றைக்கே கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்து மோட்டர் சுவிட்ச் பெட்டியைப் பூட்டினேன். ஒரு நாளைக்குக் கால் டேங்க்தான் என்று சட்டம் போட்டேன். றிப்னாவின் முகம் வெளுத்துப்போனது. "உம்மா, எனக்குப் பத்தாது" என்றாள். "கள்ளி பிடிபடுற வரைக்கும் எல்லாருக்கும் பத்தும்" என்றேன்.

மூன்றே நாளில் களவு நின்றது. அளந்து அளந்து செலவழித்ததில் கால் டேங்க் தண்ணீரே மறுநாள் வரை மிஞ்சியது. நான் சொன்னது சரிதானே என்று றஹீமிடம் பெருமையடித்தேன். அவர் களைப்பில் தலையை ஆட்டிவிட்டுச் சாய்ந்துவிட்டார்.

அதே கிழமைதான் பள்ளிக்கூடத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. பத்தாம் தரப் பிள்ளைகளின் மனநலம் பற்றி ஆராய்ச்சியாம். மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு உதவி தேவை என்று பார்க்கிறார்களாம். பிள்ளைகள் பெயர் எழுதாமல் இலக்கம் மட்டும் போட்டுப் பதில் எழுத வேண்டும். பெற்றோர் பார்ப்பதற்குக் கேள்விகளின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. சம்மதம் என்றால் கையெழுத்துப் போடவும்.

எங்கள் ஊருக்கு வந்து எங்களைப் பற்றி எழுதிக்கொண்டு போனவர்கள் யாரும் அதைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டியதில்லை. பெயர் இல்லையென்றால் இலக்கம் எதற்கு? இலக்கத்துக்கு எதிரில் பெயர் எழுதிய பட்டியல் ஒன்று எங்காவது இருக்கத்தான் செய்யும். நாளைக்குப் பெண் கேட்டு வருகிற வீட்டுக்கு அது எட்டினால்? "மனநலம்" என்று தலைப்புப் போட்ட காகிதத்தில் பிள்ளையின் பெயர் இருந்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

தாய்மாருக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. டியூஷன் மாஸ்டரின் மாதிரி வினாத்தாள்களுக்கு விடை கேட்டு எல்லாரும் அதில்தான் மல்லுக்கட்டுவோம். கேள்விகளைப் பார்த்ததும் அதில் ஒரே கலவரம். யாருக்கும் கையெழுத்துப் போடாமல் விடவும் பயம், போடவும் பயம். கடைசியில் நான்தான் உட்கார்ந்து முப்பது கேள்விக்கும் விடை குறித்துப் படம் எடுத்துப் போட்டேன். எல்லாவற்றுக்கும் "ஒருபோதும் இல்லை" என்றால் சந்தேகப்படுவார்கள் என்று நாலு இடத்தில் "சிலவேளை" போட்டேன். ஏழில், பதினொன்றில், பதினெட்டில், இருபத்தாறில். பிள்ளைகளைப் பாடமாக்க வைக்கச் சொன்னேன். மற்ற முப்பது தாய்மாரும் இதயம் அனுப்பினார்கள்.

றிப்னாவிடம் நானே கேட்டுச் சரிபார்த்தேன். "கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும் போல் இருக்கிறதா?" என்பது பதினான்காம் கேள்வி. "ஒருபோதும் இல்லை" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். சரியான விடை என்பதால் நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பதினைந்துக்குப் போனேன்.

பத்து நாள் கழித்து என் கைபேசிக்கு அழைப்பு வந்தது. டொக்டர் ஹம்சிகாவாம், ஆராய்ச்சிக் குழுவாம். "உம்மாவோட கொஞ்சம் பேசணுங்க. நாளைக்குப் பள்ளி விட்ட பொறகு பள்ளிக்கூடத்துக்கு வர முடியுங்களா?" முப்பத்தொரு பேரில் ஏன் எனக்கு மட்டும்? இரண்டு பதில்தான் இருக்க முடியும். ஒன்று, விடை குறித்தது நான்தான் என்று யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். மற்றது, பஸ்லா. குழுவில் உள்ள யாரையாவது பிடித்து என் மகளைப் பற்றி ஏதாவது ஓதியிருப்பாள். மோட்டரைப் பூட்டியதற்குப் பழிவாங்குகிறாள். ஆட்டோவில் போகும்போதே என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்திக்கொண்டேன்.

அதிபர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. டொக்டர் யட்டவத்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்து படித்து வந்த பெண். முப்பது வயதுகூட இருக்காது. இவளா என் பிள்ளையின் மனதை அளக்கப்போகிறாள் என்று நினைத்தபடி உட்கார்ந்தேன்.

"ஆரு செல்லிக்குடுத்த?" என்று நான்தான் தொடங்கினேன்.

"யாரும் சொல்லலைங்க."

"பேர் இல்லாத பேப்பர்ல என்ட புள்ளைய எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"ஒரு புள்ளைக்கு உதவி தேவைன்னு தெரிஞ்சா இலக்கத்தை வெச்சுப் பெயரைப் பார்ப்போம், வீட்டுக்கு மட்டும் சொல்லுவோம். நீங்க கையெழுத்துப் போட்ட கடிதத்துல இருக்குங்க."

நான் கேள்விகளை வாசித்த அளவுக்குக் கடிதத்தை வாசிக்கவில்லை. அதை அவளிடம் ஒப்புக்கொள்வேனா?

"என்ட மகள் எல்லாத்துக்கும் சரியாத்தான் எழுதி ஈக்கிறா. எந்த விடை பிழைன்னு காட்டுங்க."

டொக்டர் சிரிக்கவில்லை. தாள்களை எடுத்து மேசையில் பரப்பினாள். இலக்கங்களை ஒரு அட்டையால் மறைத்திருந்தாள். ஏழில் சிலவேளை, பதினொன்றில் சிலவேளை, பதினெட்டில், இருபத்தாறில். எல்லாத் தாளும் ஒன்றுபோல். என் காது சுட்டது.

"இந்த வகுப்புப் பேப்பர் எதுவும் எங்களுக்கு உதவாதுங்க. அதை விடுங்க. யாருன்னு நான் கேக்கப்போறதும் இல்லை. இது மட்டும் பாருங்க."

கடைசித் தாளை என் கையில் தந்தாள். றிப்னாவின் தாள். விடையெல்லாம் நான் சொன்னபடிதான் இருந்தது. ஆனால் தாளில் ஓட்டை இருந்தது. ஒவ்வொரு சரி அடையாளமும் ரப்பரால் அழித்து, போட்டு, அழித்து, போட்டு, காகிதம் மயிர் எழும்பித் தேய்ந்திருந்தது. பதினான்காம் கேள்விக்கு எதிரில் பெட்டியே இல்லை. அந்த இடம் கிழிந்து, அடியிலிருந்த மேசை தெரிந்தது.

"மத்தப் புள்ளைங்க பத்து நிமிஷத்துல எழுதிட்டுப் போயிட்டாங்க. இவங்க ரெண்டு மணி நேரம் இருந்தாங்க. மணி அடிச்சும் எழும்ப முடியலை, அழுதாங்க" என்றாள் டொக்டர். பிறகு மெதுவாகக் கேட்டாள். "உம்மா, அவங்க கை எப்படி இருக்கு?"

வெடித்திருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தேன். டேங்க் ஞாபகம் வந்தது. நாலு மணிக்குத் தீர்ந்துபோகும் தண்ணீரும், அரை மணி நேர வுளூவும், "எனக்குப் பத்தாது" என்று வெளுத்த முகமும் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. என் வீட்டுக்குள் தேடிப் பார் என்று பஸ்லா சொன்னது கடைசியாக வந்தது.

"இது ஷைத்தான்ட வஸ்வாஸா?" என்றேன். மனதில் ஊசலாட்டம் போடுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "பைத்தியமா?"

"ரெண்டும் இல்லைங்க. இது ஒரு நோய். கழுவினது போதாதுன்னு மனசு பொய் சொல்லிக்கிட்டே இருக்கும். பொய்னு புள்ளைக்குத் தெரியும், ஆனாலும் நிறுத்த முடியாது. பேசிப் பழக்கியே கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கலாம். மருந்து வேணுமான்னு பார்த்துச் சொல்றோம். வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் ஏசாதீங்க, தண்ணியைத் திடீர்னு நிறுத்தாதீங்க."

நான் தண்ணீரை நிறுத்தி ஏற்கனவே இரண்டு கிழமை ஆகியிருந்தது.

புறப்படும்போது பெற்றோருக்கான படிவம் ஒன்று தந்தாள். "இதை நீங்களே நிரப்புங்க. சரியான விடைன்னு ஒண்ணும் இல்லை" என்றாள்.

ஆட்டோவில் வரும்போது ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டு கிழமையாகக் கால் டேங்கும் தீரவில்லை. அப்படியென்றால் இவள் எங்கே கழுவுகிறாள்?

வீடு திறந்து கிடந்தது. பிள்ளை இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. நான் ஒழுங்கையால் சுற்றிப் போனேன். கள்ளியைக் கையும் களவுமாகப் பிடிக்க நான் போட்டு வைத்திருந்த வழி அதுதான்.

கிணற்றடியில் றிப்னா குந்தியிருந்தாள். பஸ்லா வாளியைச் சரித்து அவள் கையில் மெல்லிசாக ஊற்றிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுக்குக் கீழே தோல் சிவந்து, ஒரு இடத்தில் இரத்தம் கசிந்தது.

"போதும் மகள். சுத்தம். நான் பார்த்தேன்" என்றாள் பஸ்லா.

"இன்னொருக்கா மாமி. இது கடைசி."

என்னைக் கண்டதும் பிள்ளை பதறி எழுந்தாள். "உம்மா, எனக்குத் தெரியும், தண்ணிய வீணாக்கிறது பாவம்னு. எனக்கு நிப்பாட்ட ஏலா உம்மா."

ஏச மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன், அழுகைதான் வந்தது. அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் கையை என் மேல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ மோட்டரைப் பூட்டின நாள்லருந்து வாறா" என்றாள் பஸ்லா. "பாத்ரூம் சத்தம் எனக்கு அஞ்சாறு மாசமா மதிலுக்கு இங்கால கேக்குது. ஒன்னட்ட செல்லப் பார்த்தேன், நீ நாற்காலில ஏறி நின்டு ஏசின. புள்ள வேற, செல்ல வாணாம்னு காலைப் புடிச்சாள். ஆத்தோரம் போய்க் கழுவப் போறேன்னா. தனியப் போகவிட ஏலுமா? இங்கயே வான்னு செல்லிட்டேன்."

கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு முழம் தண்ணீர் இருந்தது. செவ்வந்தி முழுக்கக் கருகியிருந்தது.

கிணற்றுக் கட்டிலேயே உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். முதல் கேள்வி: ஒரு நாளில் கழுவுவதற்குச் செலவாகும் நேரம் அல்லது தண்ணீரின் அளவு. எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளையைப் பற்றிய கேள்வி, எனக்குத் தெரியவில்லை.

"தாத்தா" என்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த சொல். "ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"நேத்து நாப்பத்தொரு வாளி" என்றாள். "முந்தாநாள் நாப்பத்தாறு. நான் பேச்சுக் குடுத்துக் குடுத்துத்தான் குறைச்சேன்."

எழுதினேன். மற்றக் கேள்விகளுக்கும் அவளே பதில் சொன்னாள். சிலதை றிப்னா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். கடைசிக் கேள்வி, இதை முதலில் கவனித்தவர் யார் என்பது. தாய், தந்தை, ஆசிரியர், வேறு என்று பெட்டிகள் இருந்தன. என் கை பழக்கத்தில் தாய் என்ற பெட்டிக்குத்தான் போனது. பேனை பட்ட இடத்தை வெட்டிவிட்டு, வேறு என்பதற்கு எதிரில் பஸ்லாவின் பெயரை எழுதினேன். பக்கத்தில் உறவுமுறை என்று கேட்டிருந்தது.

தண்ணீர் தந்தவர் என்று எழுதினேன்.