எட்டுத் துளைப் பெட்டி

சந்தில் ஒன்பது வீடுகள். கம்பத்தில் தொங்கிய இன்டர்நெட் ஃபைபர் பெட்டியில் எட்டுத் துளைகள். இந்தக் கணக்கைச் சரியாகப் போட வாத்தியார் யாரும் தேவையில்லை. தப்பாகப் போடத்தான் ஒரு வாத்தியார் தேவைப்பட்டார்.

அந்த வாத்தியார் துர்தாகுன். பிஷ்கெக் நகரத்தின் வடக்கு ஓரத்துப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருடமாக விளையாட்டு வாத்தியார். போதாக்குறைக்குச் சந்துக்குத் தலைவர். தலைவர் என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிடக் கூடாது. குப்பை வண்டி வராத நாளில் எல்லோரும் உரிமையோடு திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமில்லையா, அந்த ஆள்.

போன இலையுதிர் காலத்தில் இன்டர்நெட் கம்பெனியிலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். "மாமா, இப்போதைக்கு எட்டு வீட்டுக்கு இடம் இருக்கு. வேணுங்கறவங்க பேரை வரிசையா எழுதிக் குடுங்க" என்றாள். துர்தாகுன் பேனாவை வாங்கினார். வாங்கியவர், விருந்தில் எலும்புக் கறியைப் பங்கிடக் கத்தியை வாங்கியவர் போலவே நடந்துகொண்டார். முதலில் சந்திலேயே மூத்தவர். அடுத்து, புருஷனை இழந்து மூன்று பிள்ளைகளோடு இருக்கும் பாத்மா. அடுத்து, சண்டைக்காரர் ஒருவர். அவரை விட்டால் வேண்டுமென்றே விட்டதாகச் சொல்வார். இப்படி ஏழு பேர் ஆயிற்று. மிச்சம் இரண்டு வீடுகள். ஒன்று அவருடையது. இன்னொன்று பக்கத்து வீட்டு எசெனுடையது. எசென் மூன்று வருடமாக வெளிநாட்டில், நோவோசிபிர்ஸ்க்கில் கிரேன் ஓட்டுகிறான். வீடு பூட்டிக் கிடக்கிறது.

கறி பங்கிடும்போது ஊரில் இல்லாதவனுடைய பங்கைத்தான் முதலில் துணியில் முடிந்து எடுத்துவைப்பார்கள். பங்கிடுகிறவன் கடைசியில் எடுத்துக்கொள்வான். துர்தாகுன் எட்டாவதாக எசெனின் பெயரை எழுதினார்.

"மாமா, உங்க பேரு?"

"எனக்கென்னம்மா, கடைசியில பார்த்துக்கலாம்."

விருந்துச் சட்டியில் கடைசியில் ஏதாவது கிடக்கும். கம்பெனிச் சட்டியில் ஒன்றும் கிடக்கவில்லை. இப்போது எசெனின் பூட்டிய வீட்டுக் கூரையடியில் ஃபைபர் கம்பி வளையமாகச் சுருட்டிக் கட்டித் தொங்குகிறது. தலைவர் வீட்டில் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைகிறார்கள்.

குளிர்காலம் முழுக்க இது ஒரு கேலியாகத்தான் இருந்தது. மார்ச் மாதத்தில்தான் வினையானது.

துர்தாகுனின் ஒரே மகள் பெர்மெட் தன்னோடு படித்த பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பையனின் அப்பா ஓஸ்கோனும் அம்மா சாலிமாவும் பதினோரு வருடமாக எல்லை தாண்டி யெகாதரின்பர்க்கில் ரொட்டி அடுப்பு நடத்துகிறார்கள். அடுப்பை விட்டு வர முடியாது என்பதால் வீடியோவில் பெண் பார்ப்பது என்று முடிவானது.

முதல் பேச்சு கைபேசி இன்டர்நெட்டில் நடந்தது. நலம் விசாரிக்கும்வரை எல்லாம் ஒழுங்கு. "எங்க பையனுக்கு உங்க பொண்ணைக் குடுக்க உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று ஓஸ்கோன் கேட்டபோது படம் நின்றது. துர்தாகுன் இந்தப் பக்கம் "சந்தோஷமா சம்மதம்" என்று நாலு தடவை சொன்னார். நாலும் வழியிலேயே எங்கோ தங்கிவிட்டன. அந்தப் பக்கம் தெரிந்தது, ஒரு கண் பாதி மூடி, வாய் ஒரு பக்கமாகக் கோணி, அப்படியே உறைந்துபோன ஒரு மனிதர். கேள்விக்குப் பதிலே சொல்லாமல் ஒன்றரை நிமிடம் அப்படியே இருந்தாராம்.

பையன் மறுநாள் பெர்மெட்டிடம் சொன்னான். பெர்மெட் அப்பாவிடம் சொன்னாள். "அவங்கம்மா கேக்கறாங்க, ரொட்டி சுடறவங்கன்னா உங்கப்பாவுக்கு அவ்வளவு எளக்காரமான்னு."

"அது நான் இல்ல, இன்டர்நெட்டு."

"நானும் அதத்தான் சொன்னேன். முகமுமா இன்டர்நெட்டோடதுன்னு கேட்டாங்களாம். வர்ற ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை பேசறாங்க. அன்னிக்கும் இப்படி ஆச்சுன்னா பேச்சே வேணாம்னு சொல்லிட்டாங்கப்பா."

மகள் அழவில்லை. அழுதிருந்தால் துர்தாகுன் எப்படியாவது சமாளித்திருப்பார். அவள் தட்டுகளைக் கழுவி, துடைத்து, கழுவின தட்டுகளையே மறுபடி கழுவினாள். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். அதே பெண்தான் இருந்தாள். புதுப் பெட்டி வைக்க நாலு விண்ணப்பம் வேண்டும் என்றாள். "இன்னும் மூணு பேரைக் கூட்டிட்டு வாங்க, மாமா."

"எங்க சந்துல மனுஷங்களே தீர்ந்துட்டாங்கம்மா. எசெனோட துளையை எனக்கு மாத்திக் குடேன். அவன் வீட்ல எலி மட்டும்தான் இருக்கு."

"அவர் பாஸ்போர்ட்டோட நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"நோவோசிபிர்ஸ்க்லேர்ந்தா?"

"எங்கேர்ந்துன்னாலும்" என்றாள், ரொம்பப் பெருந்தன்மையாக.

செவ்வாய்க்கிழமை ஏணி போட்டு எசென் வீட்டுக் கூரையடியில் ஏறி, அந்தக் கம்பியை நெடுநேரம் பார்த்தார். கீழேயிருந்து மனைவி ஷாயிர், "கண்ணாடி நூலுன்னு சொல்றாங்க. பிச்சுட்டு வந்தா அதுல துணி காயப்போடலாம், வேற எதுக்கும் ஆகாது. எறங்குங்க" என்றாள். இறங்கினார்.

புதன்கிழமை எதிர்வீட்டுக் கெமெலிடம் வைஃபை பாஸ்வேர்ட் வாங்கினார். கெமெல் டயர் பஞ்சர் கடை வைத்திருப்பவர், துர்தாகுனுக்கும் அவருக்கும் ஒரே வயது. ஒரே வயதுக்காரர்கள் என்ன கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது ஊர் வழக்கம். கெமெல் அந்த வழக்கத்தை ஒரு நாள் விடாமல் காப்பாற்றி வருபவர். அவருடைய வைஃபை சந்தைத் தாண்டி, துர்தாகுனின் மதிலைத் தாண்டி வந்தது. சரியாகத் தோட்டத்து மூலையிலிருக்கும் கக்கூஸ்வரை வந்து நின்றது. அதற்குமேல் ஒரு அடி வர மறுத்தது.

துர்தாகுன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கைபேசியை நீட்டியபடி அங்கேயே நின்றார். மதிலுக்கு மேலே கெமெலின் தலை தெரிந்தது.

"என்னடா வாத்தி, சம்பந்தியை இங்கயே உக்கார வெச்சுப் பேசப் போறியா? நல்ல எடம்தான். மடியில இருக்கற பாரமெல்லாம் எறங்கும்."

"போடா, போய் டயருக்குக் காத்தடி."

"எதுக்குடா இந்த ஆட்டம்? ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட எங்க வீட்டுக்கு வா. சோபா இருக்கு, சுவர் அகலத்துக்கு டிவி இருக்கு. உன் மூஞ்சியைப் பெருசாக் காட்டுவோம். உறையறதுக்கு முன்னாடி நான் சுடுதண்ணி ஊத்தறேன்."

"பொண்ணு பேச்சை அப்பன் தன் மேசையிலதான்டா பேசணும். அடுத்தவன் வீட்ல உக்காந்து பேசினா ஊர் என்ன சொல்லும்?"

"ஊர்னா யாரு? உன்னையும் எசெனையும் விட்டா சந்துல ஏழு வீடு. ஏழும் உன் புண்ணியத்துல வீடியோ பாத்துட்டிருக்கு. உன்னைப் பாக்க யாருக்குடா நேரம்?"

துர்தாகுன் கக்கூஸ் கதவைச் சாத்தினார். சாத்தியபின்தான் தான் உள்ளே நிற்பது தெரிந்தது. கெமெலின் காலடிச் சத்தம் போகும்வரை அங்கேயே நின்றார். வேறு என்ன செய்வது.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தே தீர்ந்தன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஓடும்போது அவரும் கூடவே ஓடினார். விசிலை ஊத மறந்துபோனதால் ஆறாம் வகுப்பு மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒருத்தி நின்று, "சார், நாங்க இன்னும் ஓடணுமா?" என்று கேட்டாள்.

ஞாயிறு. பன்னிரண்டு மணிக்குப் பேச்சு. காலையிலேயே ஷாயிர் பெரிய மேசைத்துணியை விரித்து, பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக்கைக் குவித்து, செர்ரிப்பழ ஜாமும் வெண்ணெயும் எடுத்துவைத்து, தேநீருக்குச் சமோவாரைப் பற்றவைத்துவிட்டாள். திரையில் யாரும் எடுத்துச் சாப்பிடப் போவதில்லை. ஆனாலும் வெறும் மேசையைக் காட்டிப் பெண் கொடுப்பவர்கள் உண்டா? துர்தாகுன் வெள்ளைக் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலுக்குப் போனார்.

பதினொன்றே முக்காலுக்கு ஒத்திகை. பெர்மெட் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டாள். திரையில் மகளின் முகம் வந்தது. "அப்பா, கேக்கு" என்றதோடு நின்றது. மிச்ச எழுத்து வரவேயில்லை. பெர்மெட் அறை வாசலில் வந்து நின்றாள். திரையில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் சிரிக்கவில்லை.

துர்தாகுன் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஷாயிர்."

"சொல்லுங்க."

"துணியோட அந்த மூலையப் பிடி."

போர்சோக், ஜாம், வெண்ணெய், கிண்ணம் எல்லாவற்றோடும் துணியின் நாலு மூலையையும் ஆளுக்கு இரண்டாகப் பிடித்துத் தூக்கினார்கள். பெர்மெட் கொதிக்கும் சமோவாரைத் தூக்கிக்கொண்டாள். மூவரும் சந்தைக் கடந்தார்கள். வாய்க்காலைத் தாண்டும்போது ஜாம் கிண்ணம் சரிந்து துணியில் ஒரு சிவப்புத் தேசம் உண்டானது. பாத்மா தன் வாசலிலிருந்து, "எங்கண்ணே, வீட்டையே காலி பண்றீங்களா?" என்றாள்.

கெமெல் கதவைத் திறந்தார். கேலிக்கு வாயைத் திறந்தவர், சமோவாரைத் தூக்கிவந்த பெண்ணின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். "உள்ள வாம்மா" என்று மட்டும் சொன்னார். பேச்சு முடியும்வரை வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்து, மேசையில் தன் மடிக்கணினியைத் திறந்துவைத்து அதன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

சரியாகப் பன்னிரண்டுக்கு ஓஸ்கோனும் சாலிமாவும் திரையில் வந்தார்கள். கெமெலின் ஃபைபரில் ஓஸ்கோன் முழங்கையில் ஒட்டியிருந்த மாவுகூடத் தெரிந்தது. நலம் விசாரித்தார்கள். ஆடுமாடு, மழை, பனி எல்லாம் விசாரித்தார்கள். சாலிமாவின் முகம் இன்னும் இறுகியிருந்தது. ஆனாலும் பெர்மெட் வணங்கியபோது லேசாகத் தளர்ந்தது.

"வீடு நல்லா விசாலமா இருக்கு சம்பந்தி" என்றார் ஓஸ்கோன். "பின்னால அந்தக் கம்பளம் என்னா அழகு."

கம்பளம் கெமெலின் மனைவியுடையது. மடிக்கணினிக்குப் பின்னாலிருந்து கெமெல் கையால், கண்ணால், புருவத்தால், கிட்டத்தட்டக் காதாலும், 'ஆமான்னு சொல்லித் தொலைடா' என்று சைகை காட்டினார்.

துர்தாகுன் 'ஆமாம்' என்று சொல்லத்தான் போனார். ஆனால் கல்யாணமாகி மகள் போன பின்னால், சம்பந்திகள் வந்து இந்தக் கம்பளத்தைத் தேடுவார்கள் என்று தோன்றியது. பக்கத்தில் பெர்மெட் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது என் வீடு இல்லீங்க" என்றார். "மேசைத்துணி என்னுது, சமோவார் என்னுது, பொண்ணு என்னுது. மத்ததெல்லாம் எதிர்வீட்டுக்காரனுது. என் வீட்ல இன்டர்நெட் இல்ல. போன தடவை உங்களைப் பாத்துக் கோணின மூஞ்சி மட்டும் என் சொந்த மூஞ்சிதான். அது சம்மதம்னு சொல்லிட்டிருந்த மூஞ்சி. உங்களுக்கு அப்படித் தெரிஞ்சதுக்கு மன்னிச்சுக்குங்க."

சாலிமா முன்னால் சாய்ந்தாள். "பையன் சொன்னான், சுத்தி எல்லாருக்கும் இருக்காமே. உங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?"

சொன்னார். படிவம், எட்டுத் துளை, பாத்மா, சண்டைக்காரர், எசென் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சொல்லச் சொல்ல, தன் முட்டாள்தனம் இவ்வளவு நீளமா என்று அவருக்கே மலைப்பாக இருந்தது.

"ஊர்ல இல்லாதவனுக்கா எழுதினீங்க?" என்றாள் சாலிமா.

"அவன் பங்கை எடுத்து வெக்காம நான் எப்படீங்க எடுத்துக்கறது?"

"அந்தத் தம்பிக்குத் தெரியுமா?"

"ஃபோன் பண்ணிச் சொன்னேன். எதுக்குண்ணே எனக்குன்னு திட்டினான். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. லைன் போயிருச்சோன்னு நெனச்சேன். போகல."

இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. மறுபடியும் உறைந்துவிட்டதா? துர்தாகுன் திரையைக் கூர்ந்து பார்த்தார். சாலிமாவின் பின்னால் தேநீர்க் கோப்பையிலிருந்து ஆவி நிதானமாக மேலே போய்க்கொண்டிருந்தது. உறையவில்லை. அவர்கள் சும்மாதான் இருந்தார்கள். சாலிமா தலைத்துணியின் முனையை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இதைக் கண்ணாடிக்குள்ள பேசி முடிக்க வேணாங்க" என்றார் ஓஸ்கோன். "மே மாசம் அடுப்பை அணைச்சுட்டு நாங்களே வர்றோம்."

"அப்ப சம்மதம்தானே?" என்று மடிக்கணினிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாரது?"

"வீட்டுக்காரன்" என்றார் துர்தாகுன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பதினோரு வருஷத்துல ஒரு நாளும் அணையாத அடுப்புண்ணே" என்றாள் சாலிமா அந்தக் குரலைப் பார்த்து. "சம்மதம் இல்லாமலா அணைப்போம்?"

பெர்மெட் எழுந்து சமையலறைக்கு ஓடினாள். கெமெலின் மனைவியின் தட்டுகளைக் கழுவும் சத்தம் கேட்டது.

"எத்தனை பேர் வருவீங்க?" என்று கேட்டாள் ஷாயிர்.

"பதினாலு. சின்னதும் பெருசுமா. உங்க வீட்டுக்குத்தான் வருவோம், எதிர்வீட்டுக்கு இல்ல" என்றாள் சாலிமா.

திரும்பி வந்ததும் துர்தாகுன் தன் வீட்டு முன்னறையைத் தப்படியால் அளந்தார். நீளத்தில் ஒன்பது தப்படி எடுத்துவைத்தார், அகலத்தில் ஆறு. முழங்காலை நன்றாக மடக்கினால் பதினோரு பேர். சுவர் வெள்ளையடித்துப் பல வருடமாயிற்று. பீரோவை நகர்த்தலாம். எசென் வீட்டு முற்றத்தையும் கேட்டுப் பார்க்கலாம். மறுபடியும் அளந்தார்.

"காலையிலேர்ந்து நிக்கறீங்க" என்றாள் ஷாயிர். "கொஞ்சம் உக்காருங்களேன்."

"இரு, மூணு பேர் இன்னும் நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, பீரோவின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார்.