கவனக்குறைவால் விடுபட்ட பெயர்

எங்கள் செல்போனின் வடிவத்தை ஓர் அமெரிக்கக் கம்பெனி திருடிவிட்டது என்று நாங்கள் வழக்குப் போட்ட செய்தியை, தலைநகர் சோலுக்குப் பக்கத்து ஊரான புச்சனில் எங்கள் கம்பெனிச் சாப்பாட்டுக்கூடத்து டிவியில்தான் பார்த்தேன். முதலில் அவர்கள்தான் எங்கள் மேல் போட்டார்கள், போன் திரையில் வரும் சின்னப் படங்களைக் காப்பியடித்தோம் என்று. அதற்கு இது பதிலடி. "எங்கள் வடிவமைப்பாளர்களின் வியர்வையைக் களவாடிவிட்டார்கள்" என்று எங்கள் செய்தித் தொடர்பாளர் கண்ணைத் துடைக்காத குறையாகப் பேசினார். வியர்த்தவள் நான். வடிவ உரிமைப் பதிவில் இருந்த பெயர் என் மேலதிகாரி டைரக்டர் பியோவுடையது.

விஷயம் ஒரு சின்னப் பள்ளம். போனை ஒரு கையில் பிடிக்கும்போது சுண்டுவிரல் அடியில் வந்து தாங்குமே, அந்த விளிம்பில் ஒரு பள்ளம். பதினோரு வருடங்களுக்கு முன், இருபத்தெட்டு வயதில் நான் வரைந்தது. அதற்காகச் சோரே மீன் சந்தையில் இரண்டு குளிர்காலம் நின்றிருக்கிறேன். ஒரு கையில் கத்தியும் மறு கையில் போனுமாக இருக்கும் பெண்களின் விரல்களை அளந்து நோட்டில் குறித்தேன். மொத்தம் அறுபத்து நான்கு கைகள். "என்னடி, எனக்கு மோதிரம் போடப் போறியா? முன்னாடியே வந்திருந்தா இந்த ஆளைக் கட்டியிருக்க மாட்டேனே" என்று ஒருத்தி செதில் ஒட்டிய கையை நீட்டினாள். அந்த விரல்கள் எதுவும் போனின் நடுவுக்கு வரவில்லை. அதனால்தான் பள்ளம் நடுவில் இல்லை, ஓர் ஓரமாகத் தள்ளி இருக்கிறது.

வரைந்ததைப் பியோவிடம் கொடுத்தேன். பதிவு மனுவில் 'வடிவமைத்தவர்' என்ற இடத்தில் அவர் தன் பெயரை எழுதிக்கொண்டார். விருது கொடுத்தபோது மேடை ஏறினார். சூசோக் பண்டிகைக்கு எனக்கு ஒரு டின் மீன் பெட்டி வந்தது. வாசல் காவலாளிக்கும் அதே பெட்டிதான். எங்கள் அலுவலகங்களில் வேலை கீழே இருப்பவருடையது, பெயர் மேலே இருப்பவருடையது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நான் வாயைத் திறக்கவில்லை. பதினோரு வருடம் அப்படியே போனது.

வழக்கு நடந்த அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்துக்குப் பியோவைக் கூட்டிப்போய், எதிர்த்தரப்பு வக்கீல்கள் ஒரு நாள் முழுக்கக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். "பள்ளம் ஏன் நடுவில் இல்லை?" என்பது முதல் கேள்வி. "அழகுணர்ச்சி" என்றாராம். ஏன் இத்தனை ஆழம்? அதற்கும் அழகுணர்ச்சி. முதல் ஓவியம் எங்கே? திருடனைத் தேள் கொட்டியது மாதிரி உட்கார்ந்திருந்தாராம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது எங்கள் பக்கத்து வக்கீல் கில். என் வயதுப் பெண்தான், சோலில் பெரிய அலுவலகம். பழைய கோப்புகளைக் கிளறி, என் அளவு நோட்டைக் கண்டுபிடித்து, என் மேசைக்கே வந்துவிட்டாள்.

"யோம் மேடம், இந்த அறுபத்து நாலு கையும் நீங்க அளந்ததுதானே?"

"ஆமா."

"அந்த மீன்காரங்க கதையை அப்படியே கோர்ட்ல சொல்லுவீங்களா? ஜூரியில இருக்கறவங்களுக்கு இந்த மாதிரி கதைன்னா உயிர்."

"என் பேரைப் பதிவுல போட்டா சொல்றேன். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

"எங்களுக்கும் அதுதான் வேணும்" என்றாள். எனக்கு அன்று சிரிப்பே நிற்கவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன், கொஞ்சம் அழுதேன்.

அடுத்த வாரம் கில் ஒரு காகிதம் கொண்டுவந்தாள், சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டிய வாக்குமூலம். மூன்றே வரி. இந்த வடிவத்தை டைரக்டர் பியோவும் நானும் சேர்ந்து உருவாக்கினோம். என் பெயர் விடுபட்டது அலுவலகக் கவனக்குறைவால். யாரும் வேண்டுமென்று விடவில்லை.

"இது பொய்" என்றேன்.

"மேடம், நான் சொல்றதைப் பொறுமையா கேளுங்க. தெரியாம விட்டுப்போன பேரைச் சேர்க்கச் சட்டத்துல வழி இருக்கு. வேணும்னே விட்டாங்கன்னு நீங்க சொன்னா, நம்ம ஆளே பதிவு ஆபீஸை ஏமாத்திப் பதிவு வாங்கினார்னு ஆயிடும். பதிவு செல்லாது. பதிவே போயிட்டா உங்க பேரை எதுல எழுதறது?"

பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக் கூடாது. தடி நான்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் பியோ என்னைப் பன்றி இறைச்சி சுடும் கடைக்கு அழைத்தார். கடையில் பெரியவர் உட்காரும் உள்பக்க இருக்கையை எனக்குக் காட்டினார். இரண்டு கைகளாலும் பாட்டிலைப் பிடித்து எனக்கு சோஜு ஊற்றினார். பதினோரு வருடத்தில் என் கோப்பையில் அவர் ஊற்றியதே இல்லை. மேலதிகாரி எதிரில் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது எங்கள் வழக்கம். நான் திருப்பவில்லை. அவர் அதைப் பார்த்தார்.

"அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தானேம்மா செஞ்சோம். என் பாஸும் எனக்கு அதைத்தான் செஞ்சாரு."

"அப்ப நீங்க அவர் பேர்லயே கை வச்சிருக்கலாமே, சார். என் பேர் எதுக்கு?"

இறைச்சியைத் திருப்பிப் போட்டார். "சாட்சி முடிஞ்ச மறுநாளே பேர் சேர்க்கற மனுவுல கையெழுத்துப் போட்டுடறேன். எம் புள்ளை மேல ஆணையா." நான் அரை வயிறு சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். அவர் என்னிடமிருந்து திருடவில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான், திருடியதைத் திருப்பிக் கொடுப்பாராம். இதில் நியாயம் இல்லை என்று ஒரு குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் மறுநாள் கையெழுத்திட்டேன். பெயருக்கு அவ்வளவு பசித்திருந்தேன்.

மூன்று மாதம் ஒத்திகை. கில் எதிர்த்தரப்பு வக்கீலாக நடிப்பாள், நான் பதில் சொல்வேன். அறுபத்து நான்கு கைகளும் மனப்பாடம். மார்ச்சில் டெலவேர் போனோம். சாட்சி சொல்லும் நாள் காலை, கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நீதிமன்ற நடைக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் என் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று காது அங்கேயே இருந்தது.

கில் போனைக் காதிலிருந்து எடுத்தபடி வந்தாள். "முடிஞ்சுது மேடம். சமாதானம் ஆயிட்டாங்க. இனி நம்ம வடிவத்தை அவங்க போடலாம், அவங்க படத்தை நாம போடலாம். நீங்க உள்ள வர வேண்டாம்."

"அப்ப என் பேர்?"

"ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்."

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது. இரண்டு திமிங்கலம் சண்டை போட்டால் இறாலுக்குத்தான் முதுகு உடையும் என்பார்கள் எங்கள் ஊரில். அவை கொஞ்சிக்கொண்டாலும் அதே கதிதான் என்பதை யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஊர் திரும்பி இரண்டு வாரம் பார்த்தேன். மனுவைப் பற்றிப் பேச்சே இல்லை. பியோவின் அறைக்குப் போனேன். செயலாளர் மறித்தாள், கூட்டமாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தனியாகத்தான் இருந்தார். அடுத்த ரயிலில் சோலுக்குப் போய்க் கில்லின் எதிரில் உட்கார்ந்தேன். தேநீர் வந்தது. நான் தொடவில்லை.

"பேரைச் சேர்க்கணும்னா பியோ சாரும் கையெழுத்துப் போடணும்" என்றாள். "போட மாட்டேன்னுட்டார். வழக்கே இல்லைன்னு ஆனப்புறம் எதுக்கு பழசைக் கிளறணும்னு கேக்கறார். கம்பெனியும் அதையேதான் சொல்லுது."

"அப்ப நான் கேஸ் போடறேன். அவர் திருடினார்னு போடறேன்."

கில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். "திருடலைன்னு நீங்களே சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கீங்க மேடம். முதல்ல அதைத்தான் எடுத்து நீட்டுவாங்க."

"அந்தக் காகிதத்தைத் திருப்பிக் குடுங்க."

"முடியாது. சமாதான ஒப்பந்தத்தோட சேர்த்து கோர்ட்ல சீல் வச்சாச்சு. இனி ரெண்டு கம்பெனியைத் தவிர வெளியாள் யாரும் பார்க்க முடியாது."

நான் எழுந்தேன். லிஃப்டில் பக்கத்தில் நின்ற ஒரு பையன் அமெரிக்கக் கம்பெனியின் புதுப் போனை ஒற்றைக் கையில் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தான். சுண்டுவிரல் சரியாகப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. இது என்னுடையது என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் பைத்தியம் என்று நினைப்பான், ஆதாரம் கேட்பான்.

ஆதாரம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பள்ளத்தோடு என் பெயரைச் சேர்த்துச் சொல்லும் சத்தியக் காகிதம் உலகத்தில் ஒன்றே ஒன்று உண்டு. என் பெயரை யாரும் வேண்டுமென்று விடவில்லை என்பதுதான் அதன் கடைசி வரி. அதன் கீழே யோம் சொன்ஹி என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.