மூன்றாவது டீச்சர்

"எங்க மூணாவது டீச்சரைத் திருப்பிக் குடுங்க சார்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று தலைமையாசிரியை என்னை பஸ் ஏற்றிவிடும்போதுகூடச் சொன்னார். "உன் வேலை நிரந்தரமாகுற பேப்பர் அவர் மேசையிலதான் இருக்கு. ஆண்டறிக்கையில கையெழுத்துப் போட்டோமா, வந்தோமான்னு இரு."

கல்வி அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நூத்திப் பதினாலு பிள்ளைங்க, மூணு டீச்சர். ஆளுக்கு முப்பத்தெட்டு. கணக்கு சரியாத்தானே இருக்கு?"

"மூணுல ஒருத்தங்க ரெண்டு வருஷமா உங்க பக்கத்து ரூம்ல டைப் அடிக்கிறாங்களே சார்."

பக்கத்து அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. "என்னை எதுக்கும்மா வம்புக்கு இழுக்கிற?"

"ஸ்கூலுக்கு வந்துட்டா இழுக்க மாட்டேன்க்கா."

நாலும் அஞ்சும் தலைமையாசிரியைக்கு. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளும் எனக்கு ஒரே அறையில். எழுபத்தாறு பேர். எல்லாமே கோரஸ்தான், நான் வாசிப்பேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அதில் ஒரு குரல் மட்டும் எப்போதும் கொஞ்சம் பிந்தி வரும். இரண்டாம் வகுப்புப் பெண். 'தூங்குமூஞ்சி' என்று பட்டப்பேரே வைத்திருந்தேன், எட்டு மாதமாக. போன வாரம் அவள் பக்கத்தில் உட்காரும் தோழி காய்ச்சலில் வரவில்லை. அன்றைக்கு இவள் வாயே திறக்கவில்லை. பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கை தட்டினேன். திரும்பவில்லை. இத்தனை நாளும் தோழியின் உதட்டைப் பார்த்துத்தான் பாடம் சொல்லியிருக்கிறாள்.

அதிகாரியிடம் இதைச் சொன்னேன்.

"பாவம்தான். அதுக்கு நான் என்ன காது டாக்டரா?"

"முப்பத்தெட்டு பேர்னா முதல் வாரமே கண்டுபிடிச்சிருப்பேன் சார்."

அவர் இரண்டு தாள்களை எடுத்து வைத்தார், ஆண்டறிக்கையும் என் வேலை நிரந்தர உத்தரவும். "இதுல நீ போடு, அதுல நான் போடறேன். வீட்டுல முதல் பட்டதாரி நீ. அம்மாவை நினைச்சுப் பாரு."

நினைத்தேன். பதினாறு வருஷம் மில்லில் நின்றே கால் வீங்கியவள். எனக்கு வேலை நிரந்தரமானதும் மில்லை விட்டுவிடலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஆண்டறிக்கையில் 'பணிபுரியும் ஆசிரியர்கள்: 3' என்று இருந்தது. மூன்றின் மேல் கோடு போட்டு இரண்டு என்று எழுதி, பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டேன்.

"ஏய், இது மேல போற பேப்பர்!"

"தெரியும் சார். அதான் பேனாவுல எழுதினேன்."

இன்னொரு தாளை அவர் பக்கமே நகர்த்திவிட்டு எழுந்தேன்.

பக்கத்து அறையைத் தாண்டும்போது மூன்றாவது டீச்சர் மெல்லக் கேட்டார்: "அந்தப் பொண்ணு எந்த பெஞ்ச்?"

"பெஞ்ச் ஏதுக்கா? தரைதான். வந்து பாருங்க."

படியிறங்கினேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்பதை பஸ்ஸில் யோசித்துக்கொள்ளலாம்.