ஏழாம் நம்பர் கிரேனின் குடித்தனக்காரர்கள்

உச்சியக்கா கேமராவும் லென்ஸும் வாங்கக் கிளம்பியபோது அவள் வீட்டுக்காரர் சோபாவைப் பற்றிப் பேசிக்கொண்டே கூட வந்தார். பணம் வந்தால் சோபா வாங்குவதாகத்தான் பேச்சு. பணம் வந்ததோ அவளுடைய இடது கைக்காக. சரக்கு முனையத்தில் ஏழாம் நம்பர் கிரேனின் உச்சியில் உட்கார்ந்து பெட்டிகளைத் தூக்கி அடுக்கியவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஒருநாள் கேபினின் இரும்புக் கதவு காற்றில் அறைந்து இரண்டு விரல்களைக் கொண்டுபோனது. மிச்ச விரல்கள் விறைத்துவிட்டன, மணிக்கட்டு திரும்ப மறுத்தது. கம்பெனி ஒரு காசோலையைக் கொடுத்து வீட்டுக்குப் போ என்றது. பழைய கிரேனையும் அத்தோடு நிறுத்திவிட்டது. அவள் இறங்கிய கேபினின் கூரையில் ஒரு ஜோடிப் பருந்து வந்து கூடு கட்டிக்கொண்டது.

அந்தக் கிரேனைத்தான் திங்கட்கிழமை பிரிக்கப்போகிறார்களாம். பிரிக்கும் வேலையை எடுத்திருந்த மேஸ்திரி கறாரான ஆள். குஞ்சு இருக்கும் கூட்டில் அவருடைய ஆட்கள் கை வைக்க மாட்டார்கள். மேனேஜரோ, "காலிக் கூடுப்பா, வெறும் குப்பை" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டார். கேள்விப்பட்ட உச்சியக்காவுக்கு வந்ததே கோபம்! முனையத்துக்கு வெளியே இருக்கும் மேம்பாலத்தில் நின்று அவள் தினமும் பார்க்கிறாள், பருந்து இரையோடு மேலே போகிறது. சாப்பிட வாய் இல்லாமலா தூக்கிக்கொண்டு போகும்? ஆனால் அவளை இப்போது கேட்டுக்குள் விடுவதில்லை. பாலத்திலிருந்து போனில் எடுத்தால் கூடு கொசு அளவுக்குத்தான் விழுந்தது.

கடைக்காரர் அவள் கையைப் பார்த்தார். பிறகு பார்க்காதவர் மாதிரி ஒரு கேமராவில் சின்ன லென்ஸ் ஒன்றை மாட்டி வைத்தார்.

"இதை எடுத்துக்கங்கம்மா. வெயிட்டே இருக்காது."

எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. உச்சியக்கா கடை வாசலில் நின்று லென்ஸ் வழியே அதைப் பார்த்தாள். "புறான்னு தெரியுது. அலகு திறந்திருக்கா மூடியிருக்கான்னு தெரியலையே. எனக்கு அதுதான் வேணும்."

அடுத்ததாக, யாரோ விற்றுவிட்டுப் போன ஒரு நீள லென்ஸ் வந்தது. ஜூம் கிடையாது, எப்போதும் ஒரே தூரம்தான். புறாவின் கண் கட்டம் முழுக்க நிறைந்தது. வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். "இதுல எதையும் திருக வேண்டாம். உன் கைக்கு இதுதான் தோது."

உச்சியக்காவும் சரியென்று சொல்லியிருப்பாள். வாய்வரை வந்துவிட்டது. "இது எந்தத் தொட்டிப் புறா?" என்று திடீரென்று கேட்டாள்.

"எதிர்த் தொட்டிதான். கண்ணெதிர்லதானே உக்காந்திருக்கு?"

"நமக்குத் தெரியும். போட்டோவை மட்டும் பாக்குறவனுக்கு? வெறும் குஞ்சைக் காட்டினா எந்த ஊர்க் குஞ்சோன்னு சொல்லிடுவான். முதல்ல கிரேன் நம்பர் தெரியணும். நின்ன இடத்துலயே நின்னு கூட்டுக்குப் போகணும், அப்புறம் குஞ்சுக்குப் போகணும். ஜூம் லென்ஸே குடுங்க."

அங்கேதான் கை காலை வாரியது. ஜூம் வளையத்தை இடது கையால் திருக வேண்டும். மூன்று விரல்களும் வழுக்கின. இன்னொரு லென்ஸிலும் அதே கதைதான். அவமானத்தில் அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

"விட்டுடுங்கம்மா, எதுக்குக் கஷ்டப்படுறீங்க?"

"கஷ்டம் எனக்கு. உங்களுக்கென்ன? அடுத்ததை எடுங்க."

மூன்றாவது, இருப்பதிலேயே கனமான லென்ஸ். வளையம் இதிலும் அசைந்து கொடுக்கவில்லை. ஆத்திரத்தில் லென்ஸின் வாயைப் பிடித்து முன்னால் இழுத்தாள். வழுவழுவென்று நீண்டது. தொட்டி போய்ப் புறா வந்தது. தள்ளினாள், மறுபடியும் தொட்டி.

"அட, இதை அப்படியும் பண்ணலாம்மா! இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, எனக்கே மறந்துபோச்சு."

கிரேனில் அவள் கைக்கு இருந்த வேலையே அதுதான்: நெம்புகோலைத் தள்ளுவது, இழுப்பது. "இதையும் கேமராவையும் பில் போடுங்க" என்றாள்.

வீட்டுக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு முனகினார். "இதை யாரு தூக்குறது?"

"எத்தனை பெட்டி தூக்கினவ நான்!"

"பெட்டியக் கிரேன் தூக்குச்சு."

"கிரேனைத் தூக்க வெச்சது யாரு?"

அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தலையணையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு மேம்பாலத்துக்கு வந்தார். கைப்பிடிச் சுவரில் அதை வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்தி, நகராமல் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறியது. போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே என்று அவள் கண்ணை எடுக்காமல் நின்றாள். கடைசியில் பருந்து இரையோடு வந்து இறங்கியது. உச்சியக்கா எடுத்துக்கொண்டே இழுத்தாள். கேபின் சுவரில் பெரிய ஏழு. அதற்கு மேலே கூடு. கூட்டு விளிம்பில் ஆவென்று திறந்த இரண்டு வாய்கள்.

திங்கட்கிழமை கேட்டுக்கு வெளியே மேஸ்திரியின் ஆட்கள் லாரியிலிருந்து இரும்பு வெட்டும் கேஸ் சிலிண்டர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் படமாகக் குஞ்சுகளைத்தான் மேஸ்திரிக்குக் காட்டினாள். மேனேஜர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது எந்த ஊர்க் குஞ்சோ!"

அவள் கேமராவை மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். அவர் திரையைப் பார்த்தார், நிமிர்ந்து கிரேனைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். "சிலிண்டரை ஏத்துங்கப்பா, கிளம்பலாம்."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "இந்தக் கையாலயா எடுத்தீங்க?"

"இந்தக் கைக்கு நீங்க குடுத்த காசுல வாங்கினதுதான் சார்."

லாரி கிளம்பிப் போவதை அவர் பார்த்தார். பிறகு எரிச்சலோடு கேட்டார். "சரி, அதுங்க எப்போ காலி பண்ணும்?"

"பறக்க வந்ததும் பறக்கும். என்னைச் சொன்ன மாதிரி அதுங்களையும் வீட்டுக்குப் போன்னு சொல்ல முடியாது சார். அதுங்களுக்கு அதுதான் வீடு."